செத்தவனைச் சாமியாக்க ஆறு வேலை

பாத்ஃபைண்டர் என்ற, வேடமேற்றுக் கதை நடத்தும் விளையாட்டில் கேடன் கேலியன் என்று ஒரு சாமி உண்டு. மனுசனாக இருந்தவன். குடிபோதையில் பந்தயம் கட்டி ஸ்டார்ஸ்டோன் என்ற கல்லின் சோதனைக்குள் நுழைந்தான், தெய்வமாக வெளியே வந்தான். உள்ளே நடந்தது அவனுக்கே நினைவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த சாமி. ஆனால் மாயக்கதை எழுதுகிற தம்பி தங்கைகள் எல்லோரும் இதே வழியில்தான் போகிறீர்கள்: நாயகன் கல்லைத் தொட்டான், சாமியானான்.

நம் பக்கத்தில் நடுகல்லே சாமி. செத்தவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. இருக்கிறவர்கள்தான் பாடுபட வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் அதை ஆறாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார், எடுக்கத் தொடங்கு, நீராட்டு, நடு, படையல் போடு, வாழ்த்து. உங்கள் கதைக்கு ஆறு அத்தியாயம் தயார். இளங்கோவடிகள் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில், பெரும்படை தவிர, காதைகளுக்கே இந்தப் பெயர்களை வைத்தார்.

முதலில் கல்லைச் சுமப்பது யார் என்று முடிவு செய்யுங்கள். கண்ணகிக்கு இமயத்தில் எடுத்த கல் சேரன் செங்குட்டுவனிடம் தோற்றுப்போன வடநாட்டு அரசர் கனகவிசயர் தலையில் ஏறியது. பத்தினிக்கு நடந்த மரியாதையில் சேரனின் பழிதீர்ப்பும் கலந்திருக்கிறது. அந்தக் கலப்படம் இல்லாவிட்டால் கதை சப்பென்று இருக்கும்.

கல்லில் என்ன எழுதுவது? கொஞ்சம்தான். தேனி மாவட்டம் புள்ளிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள கல் ஒன்றில் தீயன் அந்தவன் என்ற பெயர், கூடலூர், ஆகோள். அவ்வளவே. மாடு கவரும் சண்டையில் செத்தான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. வல்லமைப் பட்டியல் வேண்டாம். இடம் மிஞ்சினால் எடுத்தனூர்க் கல் மாதிரி நாயைச் செதுக்குங்கள். கோவிவன் என்று அதன் பெயர் கூட அங்கே இருக்கிறது.

படையலில்தான் நிதானம் வேண்டும். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று புறநானூற்றில் ஔவை கேட்கிறாள் (232). கும்பிடுகிற கூட்டத்தில் இப்படி ஒருத்தியை நிறுத்துங்கள்.

அப்புறம், சாமியானவனுக்குப் பழைய நாக்கு இருக்கட்டும். எங்கள் குலசாமிக்கு உயிரோடு இருந்தபோது கத்தரிக்காய் ஆகாதாம். போன மாசிப் படையலில் சித்தி மறந்துபோய்க் குழம்பில் போட்டுவிட்டாள். அப்பத்தா சட்டியோடு இறக்கி வைத்துவிட்டு, மறுபடி உலை வைக்கச் சொன்னாள். சாப்பிட மணி நாலாகிவிட்டது.