காபித் தோட்டக் குறிப்புகளைச் செயலியில் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்திருப்பவர்கள் மருந்தடிப்பு, ஆள் கூலி, பழம் பறிப்பு ஆகியவற்றின் விவரங்களைக் கைபேசிச் செயலியில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு விவரத்தைத் தேடும்போது அது கைக்கு அகப்படாமல் போவதற்கு, குறிப்பேடுகளைப் பிரித்த விதமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குறிப்பேடு திறப்பதாகும். கீழ்த் தோட்டத்தில் ஓர் அராபிகா வகைக் காபிச் செடியின் இலைகள் மஞ்சளாகி வாடுகின்றன, தண்டைச் சுற்றி வரி வரியாக மேடு தட்டியிருக்கிறது, தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுதான் என்று உறுதி செய்து இரண்டு ஆட்களை வைத்துச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குறிப்பு ‘பூச்சி’ ஏட்டுக்குப் போக வேண்டுமா, ‘கீழ்த் தோட்டம்’ ஏட்டுக்கா, ‘கூலி’ ஏட்டுக்கா? எவர்நோட் என்ற குறிப்புச் செயலியில் ஒரு குறிப்பு ஒரு நேரத்தில் ஒரே ஏட்டில்தான் இருக்க முடியும். மூன்றிலும் நகல் எடுத்து வைத்தால், பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேராது. எனவே ‘தோட்டம்’ என்று ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு, பூச்சி, இடம், கூலி ஆகிய மூன்றையும் அந்தக் குறிப்பின் மேல் ஒட்டும் குறிச்சொற்களாக (tags) இடுவதே சரி. அக்டோபருக்குப் பின் அந்த வண்டு மீண்டும் பறக்கும் பருவத்தில், சென்ற முறை எந்தப் பாத்தியில் கண்டோம் என்பதை ஒரே தட்டலில் எடுத்துவிடலாம். கூகுள் கீப் செயலியில் ஏடுகளே இல்லை, குறிச்சொற்களைப் போன்ற லேபிள்கள் மட்டுமே உண்டு. அங்கும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

ஆண்டு வாரியாகப் பிரிப்பவர்கள் ஜனவரியில் புது ஏடு தொடங்குவது அடுத்த தவறு. இங்கே பழம் பறிப்பு நவம்பரில் சூடு பிடித்து ஜனவரியைத் தாண்டியும் நடப்பதால், டிசம்பர் 31ஆம் தேதி ஏட்டை மாற்றினால் ஒரே விளைச்சலின் கணக்கு இரண்டாகத் துண்டுபடும். அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான காபிப் பருவத்தை ஓர் ஆண்டாகக் கொண்டு ‘2025-26’ என்று பெயரிட்டால், காபி பூக்க உதவும் மார்ச், ஏப்ரல் மாதங்களின் பூ மழை, மழைக்காலத்துக்கு முந்தைய போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) தெளிப்பு, நிழல் மரங்களின் கிளை கழிப்பு ஆகியவை வரிசை குலையாமல் அமையும். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியிட்டுத் தொடங்குவதும் அவசியம்.

ஏடுகளைப் பிரித்தே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பிறரோடு பகிரும் இடம். ஒன்நோட் செயலியில் பகிர்வு பொதுவாக முழு ஏட்டுக்கும் சேர்த்தே நடப்பதால், மேஸ்திரிக்குத் தெளிப்பு அட்டவணையைக் காட்டுவதற்காகத் திறந்துவிட்ட ஏட்டிலேயே வங்கிக் கடன் விவரமும் வீட்டு மருத்துவச் சீட்டும் இருந்தால் அவையும் அவர் கண்ணில் படும். சேலத்திலுள்ள கணக்காளருக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று, தனக்கு மட்டும் ஒன்று என்று யார் பார்ப்பார்கள் என்பதை வைத்துப் பிரித்தால் மூன்று ஏடுகளே போதும். எவர்நோட் இலவசக் கணக்கை 2023 டிசம்பரில் 50 குறிப்புகளுக்கும் ஒரே ஏட்டுக்கும் சுருக்கியதையும் இப்படித் திட்டமிடும்போது கருத்தில் கொள்ள வேண்டும்.

சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்த சரிவில் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல உள்ளன என்பதால், கைபேசியிலேயே சேமிக்கப்படாத ஏட்டை நம்பித் தோட்டத்துக்குள் இறங்குவது மருந்தின் அளவையே ஊகத்தில் விடுவதாகும். முதல் நாள் இரவே கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மறுநாள் தேவைப்படும் குறிப்பு திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.