வானமும் வெளுக்காமல், சிலையும் கறுக்காமல்: குறைத்து எடுத்து ரா கோப்பில் மீட்பது எப்படி?

கன்னியாகுமரியில் சூரிய உதயத்தைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். நேரில் பார்க்கும்போது வானத்தின் செம்மஞ்சளும் தெரிகிறது, வள்ளுவர் சிலையின் கல் மடிப்புகளும் ஓரளவு தெரிகின்றன. கேமராவில் இரண்டில் ஒன்றுதான் வருகிறது. சிலை தெரிந்தால் வானம் வெள்ளைத் தாள். வானம் சரியாக வந்தால் சிலை வெறும் கறுப்பு உருவம்.

முக்காலியில் கேமராவை நிறுத்தி, வெவ்வேறு எக்ஸ்போஷரில் (படத்தில் பதியும் வெளிச்ச அளவில்) மூன்று படம் எடுத்து இணைப்பது ஒரு வழி. ஆனால் அந்த அதிகாலைக் கூட்டத்தில் முக்காலியை விரிக்க இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அலையும் படகும் பறவையும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நகர்ந்துவிடும். கையில் பிடித்தபடி ஒரே படத்தில் முடிக்க வேண்டுமென்றால், வானத்துக்கு ஏற்றபடி இருட்டாக எடுத்து, நிழல் பகுதியை அப்புறம் கணினியில் தூக்குவதுதான் எளிது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. "எப்போதும் ஒரு ஸ்டாப் குறைத்தே எடு" என்று பலர் சொல்லித் தருகிறார்கள். (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது, ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் இரட்டிப்பாக்குவது.) எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு குறைப்பது என்பதைப் படத்தில் உள்ள வெளிச்சம்தான் முடிவு செய்ய வேண்டும். சில காட்சிகளுக்கு இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும், சிலவற்றுக்குக் குறைக்கவே கூடாது.

இது ஏன் வேலை செய்கிறது?

கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மீது விழுந்த ஒளியை ஓர் எண்ணாக மாற்றுகிறது. சென்சார் பதிந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே சேமிப்பதுதான் ரா கோப்பு. 14 பிட் ரா கோப்பில் அந்த எண் 0 முதல் 16,383 வரை போகலாம். உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் எண் மாறாது. மேகத்தின் விளிம்பும் அதே எண், மேகத்தின் நடுவும் அதே எண் என்றால், அங்கே மேகம் இருந்ததற்கான தடயமே கோப்பில் இல்லை. எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இருட்டுப் பக்கம் அப்படியில்லை. ஒரு பிக்சலில் 40, பக்கத்தில் 52 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் சிறியவை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 160, 208. அதாவது இரண்டு ஸ்டாப் தூக்கியாகிவிட்டது. மறைந்திருந்த உருவம் வெளியே வரும்.

கூடவே நாய்ஸும் (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகளும்) வரும், அதுதான் இதற்கான விலை. ஒளி துகள் துகளாக வந்து விழுவதால் அதில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. அந்த ஏற்ற இறக்கம் துகள்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் 100 அளவுக்கு ஏறி இறங்கும், அது வெறும் 1 சதவீதம். 100 துகள் மட்டுமே விழுந்தால் 10 அளவுக்கு, அதாவது 10 சதவீதம். கண்ணை உறுத்தும் புள்ளிகள் இங்கேதான் பிறக்கின்றன. சென்சாரின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்ப்பது தனி.

ஜேபெக்கில் இதைச் செய்ய முயலாதீர்கள். ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான் அதில் உண்டு. நிழலில் இருந்த நுண்ணிய வித்தியாசங்களைக் கேமராவே சுருக்கித் தூக்கி எறிந்திருக்கும். தூக்கினால் திட்டுத் திட்டாக வரும்.

ஃபிலிமில் பழகிய பெரியவர்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள். அவர்களும் சரிதான். 1940 வாக்கில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையில், நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். நெகட்டிவில் நிழல் பதியாவிட்டால் போனது போனதுதான், வெளிச்சப் பகுதி நிறையத் தாங்கும். டிஜிட்டல் சென்சார் அந்த விஷயத்தில் ஸ்லைடு ஃபிலிமைப் போல, வெளிச்சப் பகுதியில் கொஞ்சமும் மன்னிக்காது.

படி 1: கேமராவைத் தயார் செய்வது

கோப்பு வகையை ரா என்று வையுங்கள். 12 பிட், 14 பிட் என்று தேர்வு இருந்தால் 14. சுருக்கம் பற்றிக் கேட்டால் இழப்பில்லாத சுருக்கம்.

அடுத்து, கேமரா தானாகச் செய்யும் உதவிகளை நிறுத்துங்கள். நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனனில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி. இவையும் உள்ளுக்குள் எக்ஸ்போஷரைக் குறைத்துத்தான் வேலை செய்கின்றன. நீங்களும் குறைத்து, அதுவும் குறைத்தால் கணக்கு குழம்பும்.

பிக்சர் ஸ்டைலை நியூட்ரல் அல்லது ஃப்ளாட் என்று மாற்றுங்கள். ரா கோப்பின் தரவை இது மாற்றாது. ஆனால் கேமரா திரையில் வரும் ஹிஸ்டோகிராம் (இடது ஓரத்தில் இருட்டு, வலது ஓரத்தில் உச்ச வெளிச்சம் என்று பிக்சல்களின் பரவலைக் காட்டும் வரைபடம்), ராவுடன் சேர்ந்து உருவாகும் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது. கான்ட்ராஸ்ட் கூடுதலான ஸ்டைலில், ராவில் இன்னும் இடம் இருக்கும்போதே "வெளுத்துவிட்டது" என்று திரை பொய் சொல்லும்.

கடைசியாக, வெளுத்த இடங்கள் கறுப்பு வெள்ளையாகச் சிமிட்டும் ஹைலைட் எச்சரிக்கையை இயக்குங்கள். முழு வேலைக்கும் இதுதான் வழிகாட்டி.

படி 2: எவ்வளவு குறைப்பது?

அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை), திறப்பு எஃப்/8, ஒளிப் பதிவைப் பெருக்கும் அளவான ஐஎஸ்ஓ 100. கேமரா கணித்ததைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் -1, அதாவது ஒரு ஸ்டாப் குறைவு. ஒரு படம் எடுத்துத் திரையைப் பாருங்கள்.

சூரியனைச் சுற்றியுள்ள மேகங்கள் சிமிட்டுகின்றனவா? மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்து மறுபடி எடுங்கள். மேகங்கள் சிமிட்டுவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். சூரியனின் வட்டம் மட்டும் சிமிட்டினால் விட்டுவிடலாம். அது வெள்ளையாக இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை, அதைக் காப்பாற்றப் போனால் மற்ற எல்லாம் கறுத்துப்போகும். கடலில் மின்னும் ஒளித் துளிகளுக்கும் இதே சலுகை உண்டு.

மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். உதயத்தில் சிவப்பு வரைகோடு முதலில் வலது ஓரத்தில் முட்டும். சிவப்பு முட்டி, பச்சை தொடர்ந்து ஏறினால் செம்மஞ்சள் வானத்தில் அசிங்கமான மஞ்சள் திட்டு வரும்.

சூரியன் எழும் முன் -0.7 அளவிலேயே போதுமானதாக இருக்கும். கடலை விட்டு மேலே வந்தபின் -2 வரை போக நேரலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் அடிக்கடி திரையைப் பாருங்கள். புதிய கேமராக்கள் சிலவற்றில் ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியை, மட்டும் கணக்கில் எடுக்கும் மீட்டரிங் (ஒளியை அளக்கும் முறை) இருக்கிறது. இருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம். எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சூரியன் மேலே வந்தபின் டெலி லென்ஸ் வழியாக அதை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் தேடியது, வெளிச்சம் ஹிஸ்டோகிராமின் வலது சுவரில் முட்டாமல் எவ்வளவு அதிகமாகப் பதிய வைக்கலாம் என்பதை. 2003-இல் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரெய்க்மன் பரப்பிய "வலது பக்கம் தள்ளி எடு" என்ற முறையும் இதையேதான் சொல்கிறது. ஆக, கேமராவின் மீட்டர் சொன்னதோடு ஒப்பிட்டால்தான் இது குறைவு. சென்சாரைப் பொறுத்தவரை இதுதான் நிறைவான எக்ஸ்போஷர். சிமிட்டல் நின்றபிறகும் "பாதுகாப்புக்கு" இன்னொரு ஸ்டாப் குறைப்பவர்கள், நிழலுக்குப் போக வேண்டிய ஒளியில் பாதியை வீணாக இழக்கிறார்கள்.

ஐஎஸ்ஓவைக் குறைப்பதும் ஒளியைக் குறைப்பதும் ஒன்றல்ல

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விடியலுக்கு முந்தைய நேரம். சிலைக்கு விளக்குகள் போட்டிருக்கிறார்கள். கை நடுங்காமல் எடுக்க 1/60 வேண்டும், லென்ஸ் எஃப்/2.8-க்கு மேல் திறக்காது, மீட்டர் ஐஎஸ்ஓ 1600 கேட்கிறது. எடுத்தால் விளக்குகள் வெளுத்துவிடுகின்றன. இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

ஷட்டரை 1/250 ஆக்கலாம். அப்படிச் செய்தால் சென்சாருக்குப் போகும் ஒளியே நாலில் ஒரு பங்காகிவிடும். அல்லது 1/60-இலேயே விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை 400 ஆக்கலாம். இப்போது ஒளி ஒரு துளியும் குறையவில்லை, அதைப் பெருக்குவது மட்டுமே குறைந்திருக்கிறது. கேமரா திரையில் இரண்டு படமும் ஒரே இருட்டாகத்தான் தெரியும். கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கும்போது முதல் படத்தில் புள்ளிகள் அதிகம், இரண்டாவதில் குறைவு. ஐஎஸ்ஓ ஏற்கெனவே 100-இல் இருந்தால்தான் ஷட்டரில் கை வைக்க வேண்டும்.

இது எல்லா கேமராவிலும் ஒரே அளவு பலிக்காது. 2010-இல் வந்த நிக்கான் டி7000 போன்றவற்றிலிருந்து சோனி தயாரித்த சென்சார்கள் இதில் நன்றாகவே தாங்குகின்றன. பழைய கேனன்களில், உதாரணமாக 5டி மார்க் 2-இல், நிழலைத் தூக்கினால் கோடு கோடாக நாய்ஸ் வரும். 2016-இல் வந்த 80டி, 5டி மார்க் 4 முதல் கேனனும் தேறிவிட்டது.

உங்கள் கேமராவை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். மங்கலான ஒரு மூலையை, ஷட்டரும் அப்பர்ச்சரும் மாறாமல், ஐஎஸ்ஓ 1600, 800, 400, 200, 100 என்று எடுங்கள். கணினியில் முதல் படத்தை அப்படியே விட்டு, மற்றவற்றை முறையே +1, +2, +3, +4 தூக்கி, 100 சதவீத அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து படம் கெடுகிறதோ, அதுதான் உங்கள் கேமராவின் எல்லை.

படி 3: கணினியில் மீட்பது

அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமை வைத்துச் சொல்கிறேன். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் நல்லவை. டார்க்டேபிளில் எக்ஸ்போஷர், டோன் ஈக்வலைசர் என்ற இரண்டு மாட்யூல்களை வைத்தே இதில் பெரும்பகுதியை முடிக்கலாம். கைப்பேசியில் டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பாக எடுப்பவர்கள் லைட்ரூம் செயலியில் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் வண்ணச் சமநிலை. இருட்டாக இருக்கும்போதே வண்ணத்தைச் சரி செய்துகொண்டால் பிறகு வரும் மாற்றங்களைக் கணிப்பது சுலபம். தானியங்கியை நம்ப வேண்டாம், அது உதயத்தின் மஞ்சளைக் குறையென்று நினைத்து நீலமாக்கிவிடும்.

பிறகு எக்ஸ்போஷர் ஸ்லைடரை +1 அளவுக்கு. வானம் வெளுக்கத் தொடங்கும். ஹைலைட்ஸை -70 வரை இறக்கினால் மேகங்கள் திரும்பி வரும். ஷேடோஸை +50 ஏற்றுங்கள், சிலையின் மடிப்புகள் தெரியத் தொடங்கும். இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும், உங்கள் படம் வேறு கேட்கும்.

நிழலைத் தூக்கியதும் படம் சாம்பல் பூசியதுபோல் ஆகும். பலர் இங்கேயே நிறுத்திவிடுவதால்தான் "எடிட் செய்த படம்" என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஆல்ட் விசையை அழுத்தியபடி பிளாக்ஸ் ஸ்லைடரை இறக்குங்கள். திரை வெள்ளையாகி, முழுக் கறுப்பாகும் இடங்கள் மட்டும் தெரியும். பாறை இடுக்குகளில் சில புள்ளிகள் தெரியும் வரை இறக்கலாம். மேக் கணினியில் ஆப்ஷன் விசை.

இதுவரை முழுப் படத்துக்கும் செய்தோம். சிலைக்கு இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஷேடோஸை +100 வரை இழுக்காதீர்கள். சிலையைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வரும். அதற்குப் பதில் மாஸ்க் போட்டு, சிலையும் பாறையும் உள்ள பகுதியை மட்டும் அரை ஸ்டாப் தூக்குங்கள். வானத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க்கைத் தலைகீழாக்கினாலும் கிட்டத்தட்ட அதே பகுதி கிடைக்கும். நிழல்கள் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும் என்பதால், மாஸ்க்குக்குள் டெம்பரேச்சரை லேசாக மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள்.

எவ்வளவு தூக்கலாம்? என் அளவுகோல் இது: சூரியன் சிலைக்குப் பின்னால் இருக்கிறது, ஆகவே சிலை எப்போதும் வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் சமமானால் பொம்மையை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். தரத்தைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஓ 100-இல் எடுத்ததை இரண்டு ஸ்டாப் தயங்காமல் தூக்கலாம். பெரிய சென்சார் கொண்ட நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் மூன்று. நாலைத் தாண்டினால் நாய்ஸோடு கருநிழலில் ஊதா அல்லது பச்சைச் சாயமும் சேர்ந்து வரும்.

படி 4: நாய்ஸ்

தூக்கிய நிழலை 100 சதவீத அளவில் பாருங்கள். வண்ணப் புள்ளிகளுக்கு லைட்ரூமின் இயல்பான 25 பெரும்பாலும் போதும். வெளிச்சத்தில் வரும் புள்ளிகளுக்கான லூமினன்ஸை 15 முதல் 30-க்குள் வையுங்கள், அதிகமானால் கல் மெழுகாகிவிடும். 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் இதைவிட நன்றாகச் செய்கிறது, ஆனால் பழைய கணினியில் ஒரு படத்துக்கே வெகுநேரம் பிடிக்கும். ஷார்ப்பனிங் செய்யும்போது மாஸ்கிங் ஸ்லைடரை ஏற்றி, விளிம்புகளை மட்டும் கூர்மையாக்குங்கள். இல்லாவிட்டால் அடக்கிய புள்ளிகளை நீங்களே கூர்மையாக்கி வெளியே கொண்டுவருவீர்கள்.

எப்போது குறைக்கக் கூடாது?

மேகமூட்டமான நாளில், ஹிஸ்டோகிராம் நடுவிலேயே முடிந்துவிட்டால், குறைக்க ஒரு காரணமும் இல்லை. சொல்லப்போனால் கூட்டியே எடுக்கலாம். நிழலில் நிற்பவரின் முகம்தான் படத்தின் உயிர் என்றால், பின்னால் கொஞ்சம் வானம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகத்துக்கு ஒளி கொடுங்கள். தோலின் நிறம் மூன்று ஸ்டாப் தூக்கலைத் தாங்குவது கடினம்.

முடித்த படத்தைப் பகிர்வதற்காக 2048 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், மிச்சமிருக்கும் நாய்ஸில் பெரும்பகுதி தானாக மறையும். அதனால் இணையத்துக்கு என்றால் படி 4-இல் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் மட்டும், முழுப் படத்தையும் அனுப்புமுன் சிலைப் பகுதியை வெட்டி, அதே அளவில் ஒரு சிறிய துண்டை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். தாளில் நிழல் திரையில் தெரிவதைவிட இருட்டாகவே விழும், இன்னும் கால் ஸ்டாப் தூக்க வேண்டியிருக்கலாம்.