டிஎஸ்பி போட்ட பிறகும் சத்தம் சரிவரவில்லையா? அடிக்கடி நடக்கும் தவறுகள்

கல்முனையிலிருந்து ஒரு தம்பி தன் ஹயஸ் வேனோடு கல்லடிக்கு என்னிடம் வந்தார். "அண்ணன், டிஎஸ்பி போட்ட நாளிலிருந்து மூன்று ட்வீட்டர் எரிஞ்சு போச்சு, மாத்தினா மறுகாவும் எரியுது" என்றார். டிஎஸ்பி என்பது செட்டுக்கும் அம்புக்கும் (அம்ப்ளிஃபயர்) நடுவில் நின்று ஒலியை எண்களாக்கித் திருத்துகிற சாமான், ட்வீட்டர் மேல் அதிர்வெண்களுக்கான சின்ன ஸ்பீக்கர். அந்த ட்வீட்டர் மட்டமான சாமான் என்பது அவர் முடிவு. லெப்டொப்பைப் பொருத்திப் பார்த்தபோது ட்வீட்டரில் ஒரு பிழையும் இல்லை. வேனில் இருந்த செட் 4 வோல்ட் வரை வெளியே அனுப்புகிறது, டிஎஸ்பியின் உள்வாங்கும் அளவோ 2 வோல்டில் நிற்கிறது. சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் அலையின் தலை வாசலிலேயே வெட்டுப்பட்டுத்தான் உள்ளே போயிருக்கிறது.

இதில் பலருக்கும் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வெட்டுப்பட்ட பேஸ் (கீழ் அதிர்வெண் ஒலி) வெறும் பேஸாக இருக்காது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று மேலே மேலே புதிய அதிர்வெண்கள் முளைக்கும். வெட்டு நடந்தது கிராஸ்ஓவருக்கு (எந்த அதிர்வெண் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் பகுதி) முன்னால் என்பதால், அந்தப் புதிய அதிர்வெண்கள் பாட்டிலிருந்து வந்தவையா பழுதிலிருந்து வந்தவையா என்று கிராஸ்ஓவருக்குத் தெரியாது, மேல் அதிர்வெண் என்றால் ட்வீட்டருக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். பிறகு டிஎஸ்பியின் வெளியீட்டை எவ்வளவு குறைத்தாலும் அது சின்னச் சத்தத்தில் கேட்கும் கிழிசலாகத்தான் இருக்கும். எனக்கு வரும் பத்துப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த லெவல் விஷயத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் ஆக்கள் ஈக்வலைசரைத்தான் (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதி) முதலில் திறக்கிறார்கள்.

சரி, லெவலை எப்படிப் பார்ப்பது? ஸ்பீக்கர் வயர்களையெல்லாம் முதலில் கழற்றிவிடுங்கள். டெஸ்ட் டோன் ஒன்றை, உச்ச அளவில் பதிவானதாக, செட்டில் போடுங்கள். 100 ஹேர்ட்ஸ் நல்லது, ஏனென்றால் விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல 400 ஹேர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்டைச் சரியாகக் காட்டாது. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ஆகக் கூடிய வொலியூமில் செட்டை வைத்து, அதன் ஆர்சிஏ வெளியீட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து, அதைத் தாங்கும்படி டிஎஸ்பியின் உள்வாங்கலை வையுங்கள். பிறகு டிஎஸ்பியின் வெளியே அளந்து, அம்பின் கெயினை அதற்கு ஏற்றபடி திருப்புங்கள். அம்பின் கெயின் பொத்தான் சத்தம் கூட்டுகிற வொலியூம் இல்லை, முன்னால் இருக்கும் சாமானோடு அதைப் பொருத்துகிற பொத்தான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டிஎஸ்பியில் பயந்து பயந்து 20 டெசிபெல் குறைத்துவிட்டு அம்பின் கெயினை முழுவதும் திறந்தால் பாட்டு நிற்கும்போது 'ஸ்...' என்ற இரைச்சல் அறை முழுக்கக் கேட்கும்.

சின்னப் போர்டுகளில் ஆகக் கூடுதலாகப் புழங்குவது அனலொக் டிவைசஸ் கம்பனியின் ஏடிஏயூ1701 சிப். அதன் டிஏசி (எண்களைத் திரும்ப ஒலி வோல்டாக மாற்றும் பகுதி) வெளியீடு உச்சத்திலேயே 0.9 வோல்ட்தான். 'என் டிஎஸ்பியில் சத்தம் குறைவு' என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம், போர்ட் பழுதில்லை. அதே சிப்பின் உள்ளே இன்னொரு பொறி இருக்கிறது. கணக்குப் பகுதிக்குள் உச்ச அளவுக்கு மேலும் 24 டெசிபெல் இடம் விட்டிருக்கிறார்கள், அதனால் உள்ளே ஒன்றுமே வெட்டுப்படாது, ஆனால் கடைசியில் டிஏசிக்குப் போகும்போது அந்த இடம் கிடையாது, அங்கே வெட்டு விழும். இப்போது வருகிற சினிமாப் பாட்டுகள் பதிவிலேயே உச்சத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. நீங்கள் ஈக்வலைசரில் 6 டெசிபெல் கூட்டினால், டிஎஸ்பி மென்பொருளின் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் 6 டெசிபெல் குறைக்கும் ஒரு பெட்டியும் போட்டாக வேண்டும்.

கூட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான். 3 டெசிபெல் கூட்டினால் அம்ப் இரண்டு மடங்கு வலு கொடுக்க வேண்டும், 6 என்றால் நான்கு மடங்கு, 12 என்றால் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. 5 வொட்டில் நிம்மதியாகப் பாடிக்கொண்டிருந்த பேஸுக்கு 12 டெசிபெல் ஏற்றினால் அது 80 வொட் கேட்கும். பலர் வாங்கி வைத்திருக்கும் டிபிஏ3116 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள், 21 வோல்ட் கொடுத்து 4 ஓம் பொக்ஸ் மாட்டினால்தான் ஒரு பக்கத்துக்கு 50 வொட். 12 வோல்ட் அடப்டரில் ஓட்டினால் கணக்குப்படியே 18 வொட்டைத் தாண்டாது. அப்புறம் எங்கேயிருந்து 80 வரும்? குறைத்துச் சரிசெய்யப் பழகுங்கள். பேஸ் காணாது என்று தோன்றினால் பேஸைத் தூக்காமல் நடுப்பகுதியை 3 டெசிபெல் இறக்கி, வொலியூமைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அதிலும் அறையே பேஸை விழுங்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. எங்கள் பக்கத்து வீடுகளில் ஹோல் பெரும்பாலும் சீமெந்துச் சுவர், டைல் தரை. பன்னிரண்டு அடி நீளமென்றால், அந்த இரண்டு சுவருக்கிடையில் சுமார் 48 ஹேர்ட்ஸில் ஒலி அப்படியே நின்று அதிரும். சுவரோரம் அது குமுறும், நடுவில் காணாமல் போகும். கதிரையைச் சரி நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டு 'சப் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வேலை செய்யவில்லை' என்று 48 ஹேர்ட்ஸை 10 டெசிபெல் ஏற்றுவார்கள். ஏற்றியதில் நேராக வருவதும் கூடும், சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதை அழிப்பதும் அதே அளவு கூடும், நடுவில் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு மட்டும் கட்டில் அதிரும். கதிரையை இரண்டடி பின்னால் தள்ளிப் பாருங்கள், இல்லையென்றால் சப்பை வேறு மூலைக்கு மாற்றுங்கள். நான் இதைச் சொன்னால் சில பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, காசு கொடுத்து டிஎஸ்பி வாங்கியவருக்குக் கதிரையை நகர்த்தச் சொல்கிறேனே என்று. ஆனால் குமுறலை டிஎஸ்பி அழகாக இறக்கித் தரும், பள்ளத்தை நிரப்பாது, இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அளப்பதில் நடக்கும் பிழைகளும் கனக்க. ஃபோன் மைக்கை நம்பிப் பேஸைத் திருத்துவது ஒன்று, ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, பல ஃபோன்கள் கீழ் அதிர்வெண்களைத் தாங்களே வெட்டிவிடும். அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளும் போதும். ஆனால் மைக்கை ஒரே இடத்தில் வைத்து எடுத்த கோட்டைப் பார்த்து 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தட்டையாக்க முயற்சி செய்யாதீர்கள். ஐயாயிரம் ஹேர்ட்ஸில் அலையின் நீளமே ஏழு சென்ரிமீற்றர்தான், தலையைக் கொஞ்சம் திருப்பினால் அந்தக் கோடு வேறு கோடாகிவிடும். தலை வரும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள், ஒற்றைப் பெட்டிகளாகச் செய்யும் கூர்மையான திருத்தங்களை 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேலே தேவையென்றால் அகலமான ஒரு சாய்வு போதும். அளக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வேர்த்தாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம்தான், ஃபேன் ஓடினால் கீழ்ப்பகுதி முழுக்கப் பொய்யாக வரும்.

கிராஸ்ஓவரில் எனக்குப் பிடித்தது லின்க்விட்ஸ்-ரைலி, ஒரு ஒக்டேவுக்கு (அதிர்வெண் இரண்டு மடங்காகும் தூரத்துக்கு) 24 டெசிபெல் சரிவு. வெட்டும் இடத்தில் (இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒலி பிரியும் அதிர்வெண்ணில்) இரண்டு பக்கமும் 6 டெசிபெல் இறங்கியிருக்கும், ஒரே கட்டத்தில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) இருப்பதால் சேர்ந்தால் தட்டையாக வரும். ஒரு பக்கம் 24, மறுபக்கம் 12 என்று கைக்கு வந்தபடி போடுவதுதான் தவறு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ட்வீட்டரின் பிளஸ் மைனஸை டிஎஸ்பியில் ஒருக்கா மாற்றிவிட்டு அளவுங்கள். வெட்டும் இடத்தில் ஆழமான குழி விழுந்தால் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம், பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள். குழியே விழவில்லை என்றால் தாமதம் பிழை.

தாமதம் என்று வந்தால் வேன்காரத் தம்பிக்கு அங்கேயும் ஒரு பிழை இருந்தது. நம் நாட்டில் சாரதி வலப்பக்கம், வலப்பக்க ஸ்பீக்கர்தான் அவருக்குக் கிட்ட. பிந்த வைக்க வேண்டியது கிட்ட இருப்பதை. அவர் தூரத்தில் இருந்த இடப்பக்கத்தைப் பிந்த வைத்திருந்தார், பாட்டு முழுக்க வலது கதவுக்குள் போய்விட்டது. இரண்டுக்கும் தூர வித்தியாசம் 70 சென்ரிமீற்றர். எங்கள் 30 பாகை வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீற்றர் போகும், ஆகவே 2 மில்லி செக்கன், 48 கிலோஹேர்ட்ஸில் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை எண்ணாக எடுப்பது, ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள்) 96 சாம்பிள். சப்புக்கு மட்டும் இப்படி டேப்பால் தூரம் அளந்து போடும் கணக்கு போதாது, வடிகட்டியே தன் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதால் அளந்துதான் வைக்க வேண்டும்.

சிப்பைத் தெரிவு செய்யும்போது பெரிய எண்களில் மயங்குவதும் உண்டு. ஏடிஏயூ1701 ஒவ்வொரு சாம்பிளுக்கும் 48 கிலோஹேர்ட்ஸில் 1024 கட்டளைகள் செய்யும். 'ஹை ரெசல்யூஷன் வேண்டும்' என்று 96க்கு மாற்றினால் அது 512 ஆகிவிடும், வைத்த வடிகட்டிகள் இடம் கொள்ளாது. எஃப்ஐஆர் வடிகட்டி (முந்திய சாம்பிள்களை வரிசையாகப் பெருக்கிக் கூட்டும் வகை, ஒவ்வொரு பெருக்கலும் ஒரு டப்) போட ஆசைப்பட்டால், 1024 டப் கொண்ட ஒன்றே ஒரு பக்கத்துக்கு முழுச் சிப்பையும் தின்றுவிடும், அப்படியும் அதன் கூர்மை ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ்தான், பேஸைத் திருத்த அது உதவாது. பேஸுக்குச் சாதாரண பரமெட்ரிக் (இடம், அகலம், அளவு மூன்றையும் நாமே வைக்கும்) வடிகட்டிகளே சரி, ஆனால் இந்தச் சிப்பில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே போவதென்றால் சிக்மா ஸ்டூடியோவில் (இந்தச் சிப்பை லெப்டொப்பில் அமைக்கும் மென்பொருள்) டபிள் பிரிசிஷன் (இரட்டைத் துல்லியம்) பெட்டியை எடுங்கள், இல்லாவிட்டால் கணக்கின் பிழையே இரைச்சலாகக் கேட்கலாம். எஃப்ஐஆர் உண்மையிலேயே தேவைப்படுகிறவர் ஏடிஏயூ1452 பக்கம் போகலாம், அதில் ஒரு சாம்பிளுக்கு 6144 கட்டளைகள்.

ஹம் சத்தத்தை (கரண்டிலிருந்து வரும் 'ம்ம்' இரைச்சல்) டிஎஸ்பியால் அடக்கப் பார்க்காதீர்கள். 50 ஹேர்ட்ஸை வெட்டினால் 100, 150 என்று அதன் கூட்டாளிகள் நிற்கும், பாட்டின் பேஸும் போய்விடும். டிவி, டிஷ் பெட்டி, டிஎஸ்பி, அம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோடில் செருகிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் ஒலி வயரில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர். ப்ளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டு 'சத்தம் நின்றுவிட்டது' என்று சந்தோஷப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட் அது. பிள்ளைகள் தொடும் பெட்டி. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ட்வீட்டரை அம்பில் நேராக மாட்டுகிறவர்கள் நடுவில் ஒரு போலரில்லாக் (பிளஸ் மைனஸ் இல்லாத) கெப்பாசிட்டரைக் கட்டாயம் வையுங்கள், டிஎஸ்பியில் கிராஸ்ஓவர் இருந்தாலும்தான். கரண்ட் வந்தவுடன் அம்ப் முதலில் விழித்து டிஎஸ்பி பிறகு விழிக்கும்போது வரும் 'டப்' ஒன்றே ட்வீட்டரைக் கொல்லும். 8 ஓம் ட்வீட்டருக்கு 20 மைக்ரோ ஃபரட் என்றால் சுமார் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழே தடுக்கும், 3000 ஹேர்ட்ஸில் வெட்டியிருக்கும் ட்வீட்டருக்கு அது பெரிய வித்தியாசம் காட்டாது.

கடற்கரைக்காரருக்கு ஒரு வார்த்தை: கல்லடி, காத்தான்குடி, மருதமுனை போன்ற இடங்களில் உப்புக்காற்று ஆர்சிஏ முனைகளைப் பச்சையாக்கிவிடும், வொலியூம் பொத்தானையும் விடாது. பொத்தானின் உள்தடம் கெட்டால் டிஎஸ்பி வாசிக்கும் எண் துள்ளும், சத்தம் தானாக ஏறி இறங்கும், உடனே மென்பொருளைச் சந்தேகிக்காமல் பொத்தானை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக, கரண்ட் போனதும் எல்லாம் அழிந்துவிட்டது என்று வருகிறவர்கள். சிக்மா ஸ்டூடியோவில் டவுன்லோட் கொடுத்தால் அது சிப்பின் தற்காலிக நினைவுக்குத்தான் போகும், ஈப்ரொமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவுச் சிப்) தனியாக எழுத வேண்டும், போர்டில் செல்ஃப் பூட் ஜம்பரையும் (சிப்பைத் தானாகத் தொடங்க வைக்கும் சின்ன இணைப்பு) போட வேண்டும். எழுதிய பிறகு ப்ளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, திரும்பக் கொடுத்து, லெப்டொப் இல்லாமலே பாட்டு வருகிறதா என்று கேளுங்கள். ப்ரொஜெக்ட் கோப்பைப் பென் டிரைவிலும் ஃபோனிலும் வையுங்கள், ஏனென்றால் ஈப்ரொமில் இருப்பது வெறும் எண்கள், அதிலிருந்து உங்கள் வரைபடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. வேன்காரத் தம்பியின் கோப்பு இப்போது என் ஃபோனிலும் இருக்கிறது. இருபத்திரண்டு வடிகட்டிகளில் நான்குதான் மிச்சம், நான்கும் குறைப்பவை.