மே மாதக் கடைசியில் கணக்கில் 436 ரூபாய் இருக்கிறதா?

வருஷா வருஷம் புதுப்பிக்கிற டேர்ம் இன்சூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம்) என்றதும் ஏதோ வசதியானவர்கள் சமாச்சாரம் என்று தாண்டிப் போக வேண்டாம். பேங்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறார்களே, பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், அதுவும் இந்த ரகம்தான். வருஷத்துக்கு 436 ரூபாய், என்ன காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். உயிரோடு இருந்தால் ஒரு பைசா திரும்பி வராது, இது சேமிப்பு இல்லை.

ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. கோட்டை விடுவது இங்கேதான். மே கடைசி வாரத்தில் பணத்தைத் தானாகப் பிடிப்பார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கூலி விழுந்த கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டுக் கணக்கைத் துடைத்து வைத்திருப்பார்கள், போதாததற்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற நேரம் வேறு. பேலன்ஸ் இல்லையென்றால் பாலிசி அவ்வளவுதான். அப்புறம் மறுபடி சேரலாம், ஆனால் முதல் 30 நாளைக்கு விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம். மாரடைப்பு வந்து போனால் கிடையாது.

ஜூனில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்ததைப் பார்த்துவிட்டு ‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்று இருந்துவிடாதீர்கள், அது சுரக்‌ஷா திட்டம், விபத்துக்கு மட்டும். ரெண்டு பேங்கில் 436 பிடித்தாலும் கிடைக்கப்போவது அதே 2 லட்சம், ஒன்றை நிறுத்திவிடலாம். சேர 50 வயது வரைதான், 55-இல் பாதுகாப்பும் முடிந்துவிடும்.

ஓசூர் சிப்காட் ஆட்கள் செய்வது வேறு தப்பு. கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சொந்தமாக எதுவும் எடுப்பதில்லை. அதைப் புதுப்பிப்பது முதலாளி. பொதுவாக, வேலையை விட்டால் அதுவும் போய்விடும், அதற்குள் வயது 42 ஆகி சர்க்கரையும் வந்திருந்தால் புதுப் பாலிசிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனோ டிராக்டர் கடனோ இருப்பவருக்கு 2 லட்சம் எந்த மூலைக்கு? 60 வயது வரை ஒரே பிரீமியம் வருகிற மாதிரி இளவயதிலேயே சொந்தமாக டேர்ம் பாலிசி ஒன்று எடுப்பதுதான் சரி என்பேன். ஜீவன் ஜோதி எல்லா வயதுக்கும் அதே 436தான், ஆனால் தனியாக எடுத்து வருஷா வருஷம் புதுப்பிக்கிற பாலிசி முதல் வருஷம் மலிவாகத் தெரியும், வயது ஏற ஏற அதுவும் ஏறும்.

பீடி, சர்க்கரை, பழைய ஆபரேஷன் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏஜென்ட் ‘அதெல்லாம் எழுத வேண்டாம்ணா’ என்பார், கேட்காதீர்கள். இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி முதல் 3 வருஷத்துக்குள் கம்பெனி அதைக் கிளறிப் பாலிசியையே ரத்து செய்யலாம்.

அப்புறம் நாமினி. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர்கள் மாற்றாமலே விட்டிருப்பார்கள், அம்மாவே போய்ச் சேர்ந்திருந்தாலும்கூட. ஜீவன் ஜோதி கிளைமுக்குப் பணம் பிடித்த பேங்க் கிளைக்குத்தான் போக வேண்டும், அது காரிமங்கலமா காவேரிப்பட்டணமா என்பதாவது வீட்டில் தெரிந்திருக்கட்டும்.