காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் புகார் கொடுக்கச் செல்பவர்களில் பலர் ஒரு சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீதுடன் வீடு திரும்பி, வழக்குப் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில் வாரக்கணக்கில் காத்திருக்கின்றனர். மனு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது சான்று. அது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., ஆகாது. எஃப்.ஐ.ஆர். என்றால் அதற்கு ஒரு குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவுகள் குறிக்கப்பட்டிருக்கும், அது நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்பப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டை முதல் நாளே அறிந்துகொண்டால் இழக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 173-ஆம் பிரிவுதான் புகார்தாரருக்கு அடித்தளம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, சம்பவம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவு இப்போது வெளிப்படையாகவே கூறுகிறது. “இது எங்கள் எல்லை இல்லை” என்ற பதிலுக்கு இனி இடமில்லை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் அதில் கையொப்பமிட்டால்தான் அது பதிவேட்டில் ஏறும். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது பெரும் தவறு.

எல்லாவற்றிலும் மிகுந்த கவனம் வேண்டியது மனுவை எழுதுவதில்தான். “எதிர்மனுதாரர் என்னை மிகவும் கொடுமைப்படுத்தினார், கொலை மிரட்டல் விடுத்தார்” என்று எழுதப்பட்ட மனுவில் அதிகாரி பற்றிக்கொள்ள எதுவுமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “12.3.2025 அன்று மாலை சுமார் 6.30 மணிக்கு, என் வீட்டு வாசலில், இரும்புக் கம்பியால் என் இடது முன்கையில் ஒருமுறை அடித்தார். எலும்பு முறிந்தது. அன்றிரவே அரசு மருத்துவமனையில் சேர்ந்தேன். விபத்துப் பதிவேட்டின் நகல் இணைத்துள்ளேன். பக்கத்து வீட்டுக்காரர் நேரில் பார்த்தார்.” நாள், நேரம், இடம், செயல், காயம், சாட்சி ஆகிய ஆறும் இருந்தால் குற்றம் நடந்திருப்பது மனுவைப் படிக்கும்போதே புலப்படும். கண்ணால் காணாததையும், கோபத்தில் தோன்றுவதையும் சேர்க்க வேண்டாம். ஒரே ஒரு மிகைக் கூற்று பின்னாளில் குறுக்கு விசாரணையில் முழு மனுவையும் சாய்த்துவிடும். சட்டப் பிரிவுகளைத் தேடி எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை, அது அதிகாரியின் பொறுப்பு.

மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் நிலைய முத்திரை, தேதி, கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரையிட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே அதே மனுவை நிலைய ஆய்வாளரின் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ப்பிக்கப்பட்டதற்கான அச்சுப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

“விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்ற பதில்தான் அடிக்கடி வரும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று, தகவலில் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்பட்டால் பதிவு செய்வது கட்டாயம் என்றும், குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமின்றி நீண்ட தாமதத்துடன் வரும் புகார் போன்றவற்றில் மட்டுமே முன்விசாரணைக்கு இடமுண்டு என்றும் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் அதில் ஒரு கதவைத் திறந்துவிட்டது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதி பெற்று, 14 நாட்களுக்குள் முடியும் முதற்கட்ட விசாரணையை நடத்தலாம். இந்தக் கதவு தவறாகப் பயன்படக் கூடும் என்ற கவலை எனக்கு உண்டு. எனவே “டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் பெறப்பட்டது?” என்று எழுத்து மூலமாகவே கேளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழான குற்றத்தைப் பதிய முதற்கட்ட விசாரணையே தேவையில்லை.

மறுப்பு உறுதியானால் அடுத்த படி 173(4) பிரிவு. புகாரின் சாரத்தை எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். மாநகரக் காவல் எல்லை என்றால் அந்தப் பகுதியின் துணை ஆணையருக்கு. எந்த நாளில் எந்த நிலையத்தில் கொடுத்தீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக உயர் நீதிமன்றத்துக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகின்றனர். உயர் நீதிமன்றத்துக்கு முன் கண்காணிப்பாளரையும், பிறகு நடுவரையும் நாட வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டிலேயே சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கண்காணிப்பாளரிடமும் பயனில்லையெனில், 175(3) பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். மனுவுடன் பிரமாணப் பத்திரம் கட்டாயம். பொய்ப் புகார்களைத் தடுக்க 2015-இல் பிரியங்கா ஸ்ரீவத்சவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த நிபந்தனை, இப்போது சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. காவல் துறையின் விளக்கத்தையும் பார்த்த பிறகே நடுவர் புலனாய்வுக்கு உத்தரவிடுவார். முத்திரையிட்ட பிரதியும் தபால் ரசீதுகளும் முழு மதிப்பைப் பெறும் இடம் இதுதான், ஏனெனில் நீங்கள் நிலையத்துக்கே வரவில்லை என்று சொல்லப்பட்டால் அதற்கு அந்தத் தாள்களே பதில். இன்னொரு வழியும் உண்டு: 223-ஆம் பிரிவின்படி நடுவரிடம் தனிநபர் புகார் தாக்கல் செய்து நீங்களே சாட்சியத்தை முன்வைக்கலாம். கண்காணிப்புக் கேமரா பதிவு, வங்கிக் கணக்கு, கைப்பேசி அழைப்பு விவரம் போன்றவற்றைக் காவல் துறைதான் கைப்பற்ற முடியும் என்றால் 175(3)-ஐத் தேர்ந்தெடுங்கள். ஆவணங்கள் எல்லாம் உங்கள் கையிலேயே இருந்தால் தனிநபர் புகார் போதுமானது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100.

பாலியல் வன்முறை, அமிலத் தாக்குதல், ஆள்கடத்தல் வணிகம் போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதியத் தவறும் அதிகாரிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவலும் அபராதமும் விதிக்கிறது. கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பிரிவை ஒரே வரியில் குறிப்பிடுவது மிரட்டலாகாது.

வழக்குப் பதிவான பிறகும் தேதிக் கணக்கைக் கைவிடாதீர்கள். புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு அதிகாரியைக் கட்டாயப்படுத்துகிறது. 91-ஆம் நாள் ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று வழக்கை முடிக்க அதிகாரி அறிக்கை தாக்கல் செய்தால், அதை நடுவர் ஏற்குமுன் தகவல் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் பகவந்த் சிங் தீர்ப்பு. அந்த அறிவிப்பு வந்ததும், அதில் குறித்துள்ள நாளில் நேரில் ஆஜராகி, விசாரிக்கப்படாத சாட்சிகளின் பெயரையும் கைப்பற்றப்படாத ஆவணங்களையும் வரிசையாகக் குறித்து ஆட்சேப மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.