வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டு: கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

வளரும் நாட்டுக் கல்லூரியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம், பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அதை இரண்டு பக்கத்தில் முடியுங்கள். உழைப்பையெல்லாம் அதன் இணைப்பில் போடுங்கள். ஒவ்வொரு பணிக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது அங்கே இருக்க வேண்டும். இந்த மூன்றும் எழுதப்படாத கூட்டுகள்தான் படம் எடுத்துக்கொண்டதோடு நின்றுவிடுகின்றன.

நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். உங்கள் துறை செய்யும் ஆய்வையே அங்கே யார் செய்கிறார் என்று தேடுங்கள். இரு பக்கமும் குறைந்தது இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். ஒரே பேராசிரியரை நம்பிய கூட்டு, அவர் ஓய்வு பெற்ற அன்றே முடிந்துவிடும். தேவைப் பட்டியலை வளரும் நாட்டுத் தரப்பே முதலில் எழுத வேண்டும். பணம் கொண்டுவருபவர் எழுதினால், அவரிடம் இருப்பதுதான் உங்கள் தேவையாகிவிடும்.

பணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: முன்பணமா, செலவழித்த பின் திருப்பித் தருவார்களா? திருப்பித் தரும் முறையில் சிறிய கல்லூரி மாதக்கணக்கில் கைப்பணத்தைப் போட்டுக் காத்திருக்க நேரும். முதல் தவணையாவது முன்பணமாக வரட்டும். மின்சாரம், கணக்கர், அலுவலகம் போன்ற மறைமுகச் செலவையும் விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் இதற்காக, சில செலவினங்கள் நீங்கலாக, நேரடிச் செலவில் 25 விழுக்காடு தருகிறது. கூட்டை வழிநடத்தும் தலைமை நிறுவனம் அதை முழுவதும் தானே வைத்துக்கொள்ளாமல், உங்கள் பங்கை வரவுசெலவுத் திட்டத்திலேயே தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். நாணய மாற்றில் வரும் இழப்பை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் வேண்டும்.

கருவி நன்கொடை என்றால் இன்னும் கவனம் தேவை. 110 வோல்ட் கருவி 230 வோல்ட் ஆய்வகத்துக்கு வந்து சேரும். சுங்க வரிவிலக்குக் கடிதம் தயாராகாததால், வேதிப்பொருள்கள் கிடங்கிலேயே காலாவதியாகும். கருவி வந்த பிறகும், பழுது பார்க்க ஆளில்லாமல் மேசையில் தூசி படியும். ஆகவே மின்னழுத்தம், உதிரி பாகம், மூன்றாண்டுப் பராமரிப்பு, அதை இயக்குபவருக்குப் பயிற்சி ஆகிய நான்கையும் உறுதி செய்யாமல் எந்தக் கருவியையும் ஏற்காதீர்கள். மறுப்பது நன்றிகெட்ட செயல் அல்ல.

மாணவர் பரிமாற்றம் பெரும்பாலும், அங்கே படித்ததை இங்கே கணக்கில் ஏற்பதில்தான் சிக்கும். படிப்புக்கான உழைப்பை அளக்கும் அலகு கிரெடிட். ஐரோப்பிய முறையில் ஒரு கல்வியாண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் பாடங்களோடு பொருத்திப் பார்த்த அட்டவணை, மாணவர் விமானம் ஏறும் முன்பே கல்விக்குழுவின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் பேசினால் ஒரு பருவத்தை இழப்பது மாணவர்தான்.

முனைவர் பட்டத்துக்கு, ஆய்வாளர் சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே பதிவுபெற்று, இடையிடையே சில மாதங்கள் வெளிநாடு சென்றுவரும் ஏற்பாடு நல்லது. சுவீடன் உதவியோடு உகாண்டாவின் மகெரேரே பல்கலைக்கழகத்தில் இப்படிப் பலர் பயின்றார்கள். ஆய்வுத் தலைப்பு உள்ளூர்ப் பிரச்சினையோடு ஒட்டியிருக்கும். ஆய்வாளரும் ஊரை விட்டுப் போய்விட மாட்டார்.

உயிரியல் மாதிரிகள் நாட்டை விட்டு வெளியே போவதற்கு முன் உரிய அனுமதியும், பயன்பகிர்வு ஒப்பந்தமும் இருக்க வேண்டும். மரபணு வளங்களால் வரும் பயனை அவற்றைத் தந்த நாட்டோடு பகிரச் சொல்லும் பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிவையுங்கள். களத்தில் தரவு சேர்த்தவர்களை நன்றியுரையில் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது அநியாயம். பகுப்பாய்விலும் எழுத்திலும் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே பங்கு கொடுத்தால் கட்டுரையாசிரியர் உரிமையில் தகராறு வராது. மூலத் தரவின் ஒரு முழுப் படி உள்ளூர் நிறுவனத்திடம் இருக்க வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டாக வையுங்கள். ஆண்டுக்கொரு முறை கூடி மறுபார்வை செய்யுங்கள். விலகுவதற்கு ஆறு மாத முன்னறிவிப்புப் போதும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் படித்து முடிக்கும்வரை இரு தரப்பும் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்ற வரி அதே பத்தியில் இருக்க வேண்டும்.