நிறுத்தி வைக்கும் பழைய பைக்கில் பெட்ரோல் தங்க வேண்டாம்

யெஸ்டி, ராஜ்தூத், பழைய புல்லட் என்று நாலைந்து வண்டி வைத்திருந்தால் எல்லாவற்றையும் அடிக்கடி ஓட்ட முடியாது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும்; டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் ட்யூப்பும் வாஷரும் உப்பிப்போகும்.

மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? புல்லட் என்றால் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கை (பெட்ரோலை நிறுத்தும் திருகு) மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்; பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் காலியாகிவிடும். யெஸ்டி, ராஜ்தூத்துக்கு இது வேண்டாம். இவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள்; இவற்றில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது, வறண்டு ஓடினால் பிஸ்டனுக்கு ஆகாது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வடித்துவிடுங்கள். கொஞ்சம் கை அழுக்காகும், அவ்வளவுதான்.

அப்புறம் டேங்கையும் வடித்து, சிறிது டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்து உள்சுவரில் படியவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.